அக்கி என்றார் தாய்மாமன்

காவி குழைத்த கொட்டாங்குச்சி ஒன்று இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. என் தாய்மாமன் அதைப் பிடித்துக்கொண்டிருக்க, அவர் கூட்டி வந்த வேளார் கோழி இறகால் என் இடது கன்னத்தில் சிவப்புக் கோடு இழுத்தார். பானை செய்யும் வேளார் இப்படி அக்கி எழுதினால் கொப்புளம் அடங்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆனால் எனக்கு வந்தது கொப்புளமே இல்லை. சவூதியில் பேரீச்சந்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவனுக்கு மூக்கோரம் முளைத்த பரு அது. நடுவில் குழிந்து, ஓரம் தடித்துப் புண்ணாகியிருந்தது. கொஞ்சமும் வலிக்கவில்லை. எனக்கு அதுதான் பயம்.

புதுக்கோட்டைக்குப் போய் டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்றேன். "அக்கிக்கு ஊசி போட்டா ஒடம்பு பூராப் பரவிரும் மாப்ள. பேசாம இரு," என்றார் மாமா. அப்பா இல்லாத வீடு எங்களுடையது. மாமா வைத்ததுதான் சட்டம். "அண்ணன் சொன்னாச் சரியாத்தான்டா இருக்கும்," என்று ஆத்தாவும் கெஞ்சினாள். குளிக்காமல், புளியும் எண்ணெயும் சேர்க்காமல், முகத்தில் காவியோடு கிடந்தேன். காவிக்கு அடியில் புண் என் மூக்கைத் தின்றுகொண்டிருந்தது. நாசியின் ஓரம் கரைந்த பிறகு மாமா பேச்சை மாற்றினார். எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். "அது பெரிய வியாதி போலருக்கு, அங்கிட்டுப் போகாதீங்க," என்று சொந்தக்காரர்களிடம் சொன்னார். எனக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் அந்த வாரமே விலகிக்கொண்டார்கள். குஷ்டம் என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை. அந்த அளவுக்குக் கெட்டிக்காரர்.

அதற்கு மேல் நான் யாரையும் கேட்கவில்லை, பஸ் ஏறிவிட்டேன். தோல் டாக்டர் புண்ணைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்த நாட்டுல இருந்தீங்க?" என்பதுதான். ஓரத்தைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். மணல் ஈ கடித்து உள்ளே போன ஒட்டுண்ணி, லீஷ்மேனியா என்று பெயர் சொன்னார். தொட்டால் ஒட்டாது, முன்பே வந்திருந்தால் மூக்கு தப்பியிருக்கும் என்றும் சொன்னார். புண்ணைச் சுற்றிப் போட்ட ஊசி ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு மாமாவைத் திட்டினேன். புண் ஆறியது, மூக்கு வளரவில்லை. தான் எழுத வைத்த காவியால்தான் ஆறியது என்று அவர் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இந்த வருஷம் அவர் மகன் சவூதியிலிருந்து வந்தான். மணிக்கட்டில் அதே மாதிரிப் புண். மாமா அன்றைக்கே கார் பிடித்து அவனைத் திருச்சிக்குக் கூட்டிப்போய்விட்டார். ஒரு காதுகுத்தில் அவரைப் பார்த்தபோது கேட்டே விட்டேன்.

"ஏன் மாமா, அக்கி எழுதலையா?"

அவர் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. "அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைல்ல மாப்ள," என்றார்.

எனக்கும் இன்னும் ஆகவில்லை.