எனக்கு ஓடுது, உனக்கு நடக்குதா?

ஊரே இலவசமாக மலையைச் சுற்றி நடக்கும் திருவண்ணாமலையில், ஆட்களை நடக்கக் கூட்டிப்போய்க் காசு வாங்குவது என் தொழில். பிடித்ததையே பிழைப்பாக்கிக்கொண்டு முழிக்கிறவர்களுக்கு என் பாடு புரியும்.

செங்கம் சாலையில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இருந்தேன். லீவு கிடைத்தால் வயல் வரப்பில் நடக்கக் கிளம்பிவிடுவேன். அதையே தங்கல், சாப்பாட்டோடு இரண்டு நாள் பயணமாக்கலாம் என்று வேலையை விட்டேன். "தை வரைக்கும் உன் சீட்டக் காலியா வெச்சிருக்கேன்மா" என்றார் முதலாளி. அதற்குள் தொழில் நிற்காவிட்டால் மறுபடி அந்த நாற்காலிதான். நினைத்தாலே எனக்குக் கால் மரத்துப்போகும். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டுக்குள் நுழையும்போதே தினமும் கேட்பார்: "எனக்கு ஓடுது, உனக்கு நடக்குதா?"

செருப்பு

முதலில் வந்தவர்கள் சென்னையிலிருந்து ஒரு கணவன் மனைவி. கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலைக் கொல்லை வழியாக ஏரிக்கரைக்குப் போவதாகத் திட்டம். இருவரும் குளித்து, விபூதி பூசி, வெறுங்காலோடு வந்து நின்றார்கள். திருவண்ணாமலையில் நடை என்று சொன்ன நான், கிரிவலம் இல்லை என்று சொல்லத் தவறிவிட்டேன். செருப்பெல்லாம் அறையிலேயே இருந்தது. கொல்லையைத் தாண்டுவதற்குள் அந்த அம்மாவின் காலில் நெருஞ்சி முள். வரப்பில் உட்காரவைத்து எடுத்துவிட்டேன். "வேண்டுதல்னா முள்ளு குத்தினாலும் தாங்கிக்கலாம்ங்க. இது எதுக்குன்னே தெரியலையே" என்றார்.

மனசு கேட்காதவர்

அடுத்து பெங்களூரிலிருந்து நான்கு பேர், வேலையில் ஓய்வு பெற்றவர்கள். எல்லார் காலிலும் ஷூ இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் கிளம்பினேன். ஏரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தேன். பின்னால் சத்தமே இல்லை. மரியாதையாகக் கேட்கிறார்கள் என்று பூரித்துப்போய்த் திரும்பினால், ஒருவரையும் காணோம்.

பதறிப்போய் போன் செய்தேன். மெயின்ரோட்டு டீக்கடையில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் வந்த லோடு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு குறுக்கு வழியில் போய்விட்டாராம். காசு கொடுத்து நடக்க வந்தவர்களில் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அழுகையே வந்தது. நான் அங்கே போய்ச் சேர்ந்ததும் வண்டிக்காரர் என்னைத்தான் திட்டினார்: "வயசானவங்கள வெயில்ல நடக்கவெச்சு இட்டுனு போறியேம்மா. மனசு கேக்கல, ஏத்தினு வந்துட்டேன்."

அப்ப யாரு?

அடி அண்ணாமலைப் பக்கம் ஷூ போட்டவர்கள் நிலத்தைப் பார்த்தபடி நடந்தால், மனை வாங்க வந்தவர்கள் என்றுதான் அர்த்தம். ஒருநாள் ஒரு விவசாயி எங்கள் குழுவைப் பார்த்து ஓடிவந்து, எல்லைக் கல்லைக் காட்டினார், கிணற்றைக் காட்டினார், தண்ணீரில் உப்பு கம்மி என்றார். நிலம் வாங்க வரவில்லை என்றேன். "சாமி கும்பிடவா? மலை அந்தப் பக்கம்" என்று கை காட்டினார். "இல்லைங்க, சும்மா நடக்கிறோம்" என்றேன். காட்டிய கையை இறக்கினார். "நிலமும் வாங்கல, சாமியும் கும்பிடல. அப்ப யாரும்மா நீங்க?"

தை

தையும் பிறந்துவிட்டது. கையில் இருந்தது ஒரே ஒரு குழு, வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கும் மூன்று நர்ஸுகள். நடந்து முடித்ததும் ஏரிக்கரையிலிருந்து அவர்களை அறைக்குக் கூட்டிப்போக என் வீட்டுக்காரர் ஆட்டோவோடு வந்து நின்றார். மூவரும் பைகளை மட்டும் ஏற்றினார்கள். என் பையும் போனும் அதோடு போய்விட்டன. "நீங்க போங்கண்ணா, நாங்க நடந்தே வந்துடறோம். காலையிலேர்ந்து ஒருத்தர்கூட எங்கள சிஸ்டர்னு கூப்பிடல. அடுத்த மாசம் எங்க வார்டு ஆளுங்க எல்லாரையும் அனுப்பறோம்" என்றாள் ஒருத்தி.

வீட்டுக்கு வந்தபோது அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. விடுதி முதலாளி என் போனுக்குக் கூப்பிட்டாராம், இவரே எடுத்துப் பேசினாராம். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். போனை என் கையில் கொடுத்தபடி சொன்னார்: "சீட்டுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க சார், அவளுக்கு நடக்குதுன்னு சொல்லிட்டேன்."

ஆக, தொழில் நன்றாகவே நடக்கிறது. என் வீட்டுக்காரர்தான் தெருமுனைக் கடைக்குக்கூட இன்னும் ஆட்டோவில் போகிறார்.