அந்தோணி என்று நான் எழுதிய சீட்டு

1. விற்பனை

யுத்தம் முடிந்த மறு வருஷம் தூத்துக்குடியில் ஒரு மரம் நடும் கமிட்டியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். பக்கத்துக் கிராமமான புதுக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் மேஜை, என் பேனா, என் மைக்கூடு என்று தினமும் பார்த்துப் பூரித்துக்கொள்வேன். அந்த ஒற்றை அறை ஆபீசில் வேப்பங்கன்றுகளின் ஈரமண் வாசனை எப்போதும் இருக்கும். இன்றும் மழை பெய்தால் எனக்கு அந்த ஆபீஸ்தான் நினைவுக்கு வருகிறது.

துறைமுக ரோட்டில் அப்போது நிழலே கிடையாது. உப்பு மண்ணில் கன்று பிழைக்க, நல்ல தண்ணீரை வண்டியில் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். அந்தச் செலவுக்காக ஒரு முத்து வியாபாரி முத்துமாலை ஒன்றைக் கொடுத்தார். அதைப் பரிசாக வைத்து நாலணாவுக்குக் குலுக்கல் சீட்டு விற்றோம். சீட்டிலும், புத்தகத்தில் எங்களிடம் தங்கும் அடிக்கட்டையிலும் நம்பரும் பெயரும் எழுதுவது என் வேலை. சீட்டில் உள்ள பெயருக்கு உரியவருக்கே பரிசு என்பது ரூல்.

திரேஸ்புரத்தில் கருவாடு விற்கும் ஒரு பெண் சீட்டுக் கேட்டாள். "பேரு?" என்றேன். புருஷன் பெயரைத்தான் கேட்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். ஆனால் புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை.

"கோயில்ல பாலன் ஏசுவைக் கையில ஏந்திட்டு, லீலிப் பூவோட நிக்காருல்லா, அவரு பேருதான் எங்க வீட்டுக்காரருக்கு" என்றாள்.

நான் கிறிஸ்தவப் பெண் இல்லை. ஆனாலும் அந்தோணியார் படம் பார்த்திருக்கிறேன். உடனே 'அந்தோணி' என்று எழுதிவிட்டேன். குறிப்பறிந்த கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே ஒரு பெருமை.

2. குலுக்கல்

கமிட்டி செக்ரட்டரி ஒரு வக்கீல். "முந்நூத்திப் பதினெட்டு, அந்தோணி, திரேஸ்புரம்" என்று அவர் வாசித்ததும் ஏழு பேர் எழுந்தார்கள்.

"ஏலே, சீட்டு வச்சிருக்க அந்தோணி மட்டும் நில்லு" என்றார்.

ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். அப்போது நம்பரைக் கேட்டு அந்தக் கருவாட்டுக்காரப் பெண் சீட்டோடு வந்தாள். அந்தோணி உன் புருஷனா என்று செக்ரட்டரி கேட்டார். அவள் இல்லையென்று தலையசைத்தாள். அப்படியானால் யார் பெயர் என்றதற்கு வாய் திறக்கவில்லை. புருஷன் கடலுக்குப் போயிருந்தான்.

"கீழ கெடந்ததை எடுத்துட்டு வந்துருக்கா" என்றார் செக்ரட்டரி. கூட்டத்தில் யாரோ கள்ளி என்றார்கள். அவள் கண் நிறைந்துவிட்டது.

பேசாமல் இருந்தால் என் வேலை தப்பும். 'படிச்ச பிள்ளை, தப்பு வராது' என்று சொல்லி என்னைச் சேர்த்தவர் அந்த செக்ரட்டரிதான். எழுந்து, இவளுக்குச் சீட்டு விற்றவள் நான், பெயரை ஊகித்து எழுதியவளும் நான் என்றேன். பிறகு அவளிடம், அந்தச் சாமி தச்சு வேலை பார்த்தவரா என்று கேட்டேன்.

"ஆமா. பாலனை ஏந்துனவரு ஒருத்தரு மட்டுந்தானா?" என்றாள்.

ஏசுவை வளர்த்த தகப்பன் சூசையப்பர். அந்தோணியாரைப் போலவே அவர் கையிலும் பாலன், அவர் கையிலும் லீலிப் பூ. ஏழு அந்தோணிகளும் சிரித்துவிட்டார்கள். செக்ரட்டரி சிரிக்கவில்லை. அடிக்கட்டையை என் பக்கம் தள்ளி, "திருத்தும்மா" என்றார்.

அந்தோணியை அடித்தேன். சூசை என்று எழுதப் போனவள் நிறுத்தி, சீட்டு யார் காசில் வாங்கியது என்று கேட்டேன். கருவாடு விற்ற காசு என்றாள்.

"உங்க பேரு என்னக்கா?"

"ரோசம்மா. அன்னைக்கே கேட்டிருந்தா சொல்லிருப்பனே."

ரோசம்மா என்றே எழுதினேன், முத்துமாலை அவள் கைக்குப் போனது. என் வேலையும் போகவில்லை. இன்று ஆபீஸ்களில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: எதிரே நிற்பவளிடம் முதலில் அவள் பெயரைக் கேளுங்கள். அதைச் சொல்ல அவளுக்கு எந்தத் தடையும் இல்லை.