வார்டு வராந்தாவில் பிறந்த தெலுங்குச் சங்கம்

என் வீட்டுக்காரர் பேச்சில்லாமல் கிடந்த நாட்களை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூலை மாதம். நாங்கள் நியூசிலாந்தில் ஆக்லாந்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கிளென் ஈடன் பகுதியில் இருந்த வீட்டில், வேலைக்குக் கிளம்ப ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கை கால் விழுந்துவிட்டது. வாய் கோணிக்கொண்டது.

உயிர் பிழைத்தார். ஆனால் டாக்டர் இங்கிலீஷில் எது கேட்டாலும் வெறித்துப் பார்த்தார். "என்னங்க, நான் சுமதிங்க. ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்று தமிழில் கெஞ்சினேன். அதற்கும் அதே பார்வைதான். ஏதோ குழறுவார். பிறகு கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எங்கள் பெண் "ஹி இஸ் நாட் மை டாட்" என்று அழுது, கட்டிலருகே வர மறுத்தாள்.

"இவருக்கு எதுவும் புரியவில்லை. பயிற்சி கொடுத்தாலும் பயனிருக்காது. பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க யோசியுங்கள்" என்றார் டாக்டர். எனக்குத் தலையில் இடி விழுந்தது. கார் ஓட்டத் தெரியாது. சொந்தம் என்று சொல்ல ஈ காக்கை கிடையாது. இனி எதற்கு வாழ வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் பஜனை. வாடகை ஹாலில் மேஜை மேல் பெருமாள் படம். அப்போது நமக்கு அதுதான் கோயில். பஸ் பிடித்துப் போனேன். கும்பிடப் போகவில்லை, சண்டை போடப் போனேன். "உன் மலைக்கு நடந்தே ஏறி மொட்டை போட்ட மனுஷனுக்கு இதுதான் கூலியா? அவர் என்கூடப் பேசணும். வேறெதுவும் வேண்டாம். பேச வை!" என்று வாய்விட்டுக் கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அப்போது ஃபிஜியிலிருந்து வந்த அப்பலம்மா பாட ஆரம்பித்தார். த்ரீ கிங்ஸ் பகுதியில் பால், ரொட்டி விற்கும் டெய்ரி கடை அவருடையது. கரும்புத் தோட்ட வேலைக்காக ஃபிஜிக்குப் போன தெலுங்குக் குடும்பம். அந்தம்மா தெலுங்கில் பாடப் பாட எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த ஓசைதானே ஆஸ்பத்திரியில் கேட்டது! என் வீட்டுக்காரர் தெலுங்கர். எனக்காகத் தமிழ் கற்றவர். அவரைப் பெற்றவர்கள் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார்கள். வீட்டில் தெலுங்கு பேச ஆளே இல்லை. அவர் குழறியது தெலுங்காக இருக்கும் என்று கட்டின மனைவிக்கே தோன்றவில்லை.

பாட்டு முடியுமுன் அப்பலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் அந்தம்மா கட்டிலருகே நின்று, கடையில் கூப்பிடுகிற குரலில் கேட்டார்: "ஏம் பாபூ, பாகுன்னாவா?" நல்லா இருக்கியா தம்பி என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் சடக்கென்று திரும்பினார். பொலபொலவென்று கண்ணீர். கையைத் தூக்கு என்று அப்பலம்மா தெலுங்கில் சொல்ல, இடது கையைத் தூக்கிவிட்டார்! டாக்டர் பார்த்துக்கொண்டே நின்றார். இல்லத்தில் சேர்க்கும் பேச்சு அன்றோடு நின்றது.

இனித் தெலுங்கில் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அப்பலம்மா தன் கடைக்கு வந்த இந்திய முகத்தையெல்லாம் நிறுத்தி "தெலுங்கா?" என்று விசாரித்தார். டாக்ஸி ஓட்டுகிறவர், பேக்கரியில் வேலை செய்கிறவர் என்று ஒவ்வொருவராகக் கிடைத்தார்கள். அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்தால் இந்தியில் வணக்கம் சொல்லிப் போனவர்கள்! முறைவைத்து வந்தார்கள். உள்ளே இடமில்லாமல் வராந்தாவில் கூடிச் சத்தம் போட்டு நர்ஸிடம் திட்டு வாங்கினார்கள். "நாளைக்கு இன்னொருத்தர் விழுந்தால், அவர் மனைவி நம்மைத் தேடி இப்படி அலையக் கூடாது" என்று அப்பலம்மா அந்த வராந்தாவில்தான் சொன்னார். சங்கம் அங்கேயே பிறந்தது.

அடுத்த உகாதிக்குப் பள்ளிக்கூட ஹாலில் சங்கத்தின் முதல் விழா. என் வீட்டுக்காரர் கைத்தடியோடு மேடையேறி, திக்கித் திக்கி எல்லோரையும் வரவேற்றார். நான் விக்கி விக்கி அழுதேன்.

தமிழ் மட்டும் அவருக்குத் திரும்பவே இல்லை. அதனால் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில், என் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் தெலுங்கு கற்றேன்.

அடியார்களே, எல்லோரும் கைவிரித்த இடத்தில் யாராவது நின்றுகொண்டிருந்தால் பெருமாளிடம் போங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். என் வீட்டுக்காரர் என்னோடு பேச வேண்டும் என்றுதான் நான் கேட்டேன். எந்த மொழியில் என்று சொல்லவில்லை. நேற்று சாம்பாரில் உப்பில்லை என்று என்னைத் தெலுங்கில் திட்டினார். கோவிந்தா என்று அடுப்படியிலேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.