எண்பது போர்டும் ஒரு பழுப்புக் கோடும்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் பேனாவைத் தூக்கியதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், அதன்பிறகு மூன்றாம் படிவம் வரை, அவ்வளவுதான் என் படிப்பு. நாலு பேர் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். கோயில் கூட்டத்தில் பெயர் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவர்தான் என் பெயரைச் சொல்வார். அன்று நடந்ததை வாயால் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதியில் யாராவது சிரிப்பார்கள், நான் நிறுத்திவிடுவேன். தாளில் எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் என் விளக்கத்தில் தப்பு கண்டால் பொறுத்துக்கொள்ளட்டும்.

பாயான் பாருவை ஒட்டிய தொழிற்பேட்டையில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக ஆப்பரேட்டராக இருக்கிறேன். காலையில் கெலுகோரில் தொழிற்சாலை பஸ் ஏறினால் மாலையில் அதே இடத்தில் இறங்குவேன். என் இடம் ரீவொர்க் மேசை. சர்க்யூட் போர்டில் மெஷின் தப்பாக வைத்த சாமான்களைச் சூடுகாட்டிக் கழற்றிவிட்டு, பூதக்கண்ணாடிக்குக் கீழே இடுக்கியால் சரியானதை வைத்து ஈயம் பிடிக்க வைப்பது என் வேலை.

இத்தனை வருடம் செய்தும் அந்தச் சாமான்களின் உண்மையான பெயர்களை நாங்கள் வாயில் போட்டதில்லை. எங்கள் மேசையில் ரெசிஸ்டருக்குப் பெயர் எள்ளு. நிறையக் கால் வைத்த ஐசிக்குப் பெயர் கரப்பான். வட்டமான வெள்ளி நிறக் கெப்பாசிட்டர் டின். "அக்கா, ரெண்டு எள்ளு, ஒரு கரப்பான் குடுங்க" என்று கேட்டால் கை தானாகச் சரியான பெட்டிக்குப் போகும். பெயர் தெரியாததால் ஒரு நாளும் வேலை நின்றதில்லை.

போன வருடம் எனக்குப் பக்கத்து மேசைக்கு ஒருத்தி வந்தாள். என்னைவிட நாலைந்து வயது குறைவு. அக்கரையில் இருக்கும் சிம்பாங் அம்பாட்டிலிருந்து கடல் பாலம் தாண்டி எங்கள் தீவுக்கு வருபவள். அங்கே வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், ஏழு மாதம் வேலையில்லாமல் இருந்துவிட்டு வந்திருந்தாள். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். நான் சொல்லவரும் சமயத்தில் அந்த மூன்று மாதம் முடிய இரண்டே வாரம் இருந்தது. ஒவ்வொரு நாளும் மேசை நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் ஒரு கட்டம் அடிப்பாள். "பதினாலுதான்க்கா இன்னும்" என்பாள். அவளுக்கு வேலை காட்டிக்கொடுக்கச் சொல்லி என்னிடம்தான் விட்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் கம்பெனி எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்தது. நாற்பது ஆங்கில வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம். வெள்ளிக்கிழமை அதில் தேர்வு. யாரும் தாளைப் படிக்கவில்லை. இன்னொரு ஷிப்டில் முன்பே தேர்வு எழுதியவர்கள் விடைகளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். ஒன்று சி, இரண்டு ஏ, மூன்று ஏ. பஸ்ஸில் எல்லாரும் அதைத்தான் முணுமுணுத்தார்கள்.

என் தலையில் அந்த எழுத்துகள் நிற்கவில்லை. ஏழாவது வருவதற்குள் இரண்டாவது மறந்துபோகும். வேறு வழியில்லாமல்தான் நான் வார்த்தைகளைப் படிக்க ஆரம்பித்தேன். பழைய நோட்டில் ஆங்கில வார்த்தையைத் தமிழில் எழுதிக்கொண்டு, கைப்பேசியில் தேடிப் பக்கத்திலேயே பொருள் குறித்தேன். கெப்பாசிட்டர் என்பது எங்கள் பிளாட் மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி மாதிரி: வரும்போது பிடித்து வைத்து, குறையும்போது கொடுக்கும். டையோடு என்பது லிட்டில் இந்தியா பக்கத்து ஒருவழித் தெரு மாதிரி: ஒரு பக்கமாகத்தான் போக முடியும். ஓப்பன் என்றால் எங்கோ அறுந்திருக்கிறது, ஷார்ட் என்றால் சேரக்கூடாதது சேர்ந்திருக்கிறது. அனோடும் கேத்தோடும்தான் இரண்டு நாள் படுத்தின. கடைசியில், இந்தச் சாமான்களைப் பொறுத்தவரை அனோடு ப்ளஸ், கேத்தோடு மைனஸ் என்று எழுதி இரண்டு கோடு போட்டு வைத்தேன்.

வியாழக்கிழமை காலை எண்பது போர்டு எங்கள் மேசைக்கு வந்தது. எல்லாவற்றிலும் ஒரு டின் பழுதாம். புது டின் ஸ்டோரில் இல்லை என்று, அதற்குப் பதிலாக வேறு கெப்பாசிட்டர் கொடுத்தார்கள். மஞ்சளாக, செங்கல் மாதிரி சின்னக் கட்டி. ஒரு ஓரத்தில் பழுப்புக் கோடு. வேலை விளக்கத் தாளும் ஒன்று கொடுத்தார்கள். போட்டோஸ்டேட் எடுத்ததில் படம் ஒரே கறுப்பாக இருந்தது. அதை மேசை ஓரத்தில் செருகிவிட்டோம்.

"இது எந்தப் பக்கம்க்கா வைக்கணும்?" என்று பக்கத்து மேசைக்காரி கேட்டாள்.

"கோடு மைனஸ்லா," என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. டின்னில் கறுப்பு அடித்திருக்கும் பக்கம் மைனஸ். டையோடில் கோடு போட்ட பக்கம் மைனஸ். இருபத்திரண்டு வருடமாக என் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். போர்டில் ப்ளஸ் என்று அச்சடித்த இடத்துக்கு எதிர்ப்பக்கம் கோடு வரும்படி நான் ஒன்று வைத்துக் காட்டினேன். அதைப் பார்த்து அவள் வைத்தாள். அவள் நாற்பது, நான் நாற்பது. போர்டுகளை அடுக்கிய ஒவ்வொரு தட்டிலும் அவரவர் நம்பர் முத்திரையைக் குத்தினோம். இரண்டு மணிக்குத் தள்ளுவண்டியில் டெஸ்ட் ரூமுக்குப் போய்விட்டது. அவள் நம்பர் குத்திய தட்டுகள் மேலே இருந்தன.

இரண்டே முக்காலுக்குக் கால் மணித் தேநீர் நேரம். கேன்டீனில் உட்கார்ந்து மறுநாள் தேர்வுக்காக அந்த நாற்பது வார்த்தைத் தாளை விரித்தேன். முப்பத்தொன்றாவது வார்த்தை போலாரிட்டி. அதாவது எது ப்ளஸ், எது மைனஸ் என்ற திசை. விளக்கத்தின் இரண்டாவது வரியைப் பலமுறை பார்த்திருக்கிறேன், டேன்டலம் என்ற வார்த்தை புரியாமல் தாண்டிப் போயிருக்கிறேன். பக்கத்தில் சின்னதாக ஒரு படம். மஞ்சள் கட்டி. டேன்டலம் கெப்பாசிட்டரில் கோடு போட்ட பக்கம் அனோடு என்று இருந்தது.

நோட்டைத் திறந்து பார்த்தேன். அனோடு ப்ளஸ்.

வரியின் மிச்சத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். திசை மாற்றி வைத்துக் கரண்டு கொடுத்தால் சூடாகும், வெடிக்கலாம், தீப்பிடிக்கலாம்.

எதிரே மைலோ குடித்துக்கொண்டிருந்த பக்கத்து மேசைக்காரியிடம் தாளைத் தள்ளினேன். "நான் தப்பா சொல்லிட்டேன். கோடு ப்ளஸ் பக்கம் வரணும்."

அவள் தாளைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "எத்தன போர்டுக்கா?"

"எல்லாமே."

"அக்கா, சும்மா இருங்க." குரலைத் தணித்துக்கொண்டாள். "டெஸ்ட்ல ஃபெயில் ஆனா நம்ம மேசைக்குத்தானே திரும்பி வரும்? நாமளே கமுக்கமா மாத்திருவோம். இப்ப போயி நீங்க சொன்னீங்கன்னா, யாரு நம்பர்னு பார்ப்பாங்க. மேல இருக்கறது என் தட்டுக்கா. பன்னெண்டு நாளுதான் இருக்கு எனக்கு."

"வெடிக்கும்னு போட்டிருக்கு."

"தாள்ல ஆயிரம் போடுவான். எல்லாமா வெடிக்குது? மறுபடியும் ஏழு மாசம் என்னால வீட்டுல உக்கார முடியாதுக்கா."

அவள் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. ஃபெயில் ஆன போர்டுகள் தினமும் எங்களிடம் திரும்பி வரத்தான் செய்கின்றன. ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருப்பது அந்த ஒரு நிமிடம்தான். பிறகு டெஸ்ட் ரூம் டெக்னீஷியன் நினைவுக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். மெஷின் பச்சை விளக்கு காட்டினாலும் நம்பமாட்டார். போர்டுக்குள் கரண்டு ஓடியதும் ரிலே என்ற குட்டி ஸ்விட்ச் 'டக்' என்று விழும் சத்தம் கேட்க வேண்டும் என்று குனிந்து போர்டுக்குப் பக்கத்தில் காதை வைப்பார். பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் நெற்றிமேல்தான் இருக்கும். மூன்று மணிக்கு ஆரம்பிப்பார்.

சுவர்க் கடிகாரத்தில் மூன்றுக்கு நாலு நிமிடம் இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "அக்கா!" என்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

டெஸ்ட் ரூமுக்குள் போக அட்டை வேண்டும். எனக்கு இல்லை. கண்ணாடிக் கதவைத் தட்டினேன். அவர் முதல் போர்டை டெஸ்ட் பெட்டிக்குள் பொருத்திக்கொண்டிருந்தார். தட்டின் ஓரத்தில் அவளுடைய நம்பர் தெரிந்தது. இரண்டாவது முறை பலமாகத் தட்டினேன். வந்து திறந்தார்.

"அடடே, வாய் பேசாத தங்கச்சி! என்னா, வழி தவறி வந்துட்டீங்களா?"

"அண்ணே... அந்த போர்டு..."

"போர்டுக்கு என்னா?"

உள்ளே இன்னும் இரண்டு பேர் மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்கள். "அனோடு," என்றேன். அதற்கு மேல் வரவில்லை. தாளை நீட்டினேன்.

அவர் தாளைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "எக்ஸாம் நாளைக்குத்தானேம்மா! இப்பவே ஒப்பிக்க வந்துட்டீங்களா? எல்லாருக்கும் வாட்ஸ்அப்ல ஆன்ஸர் வந்துச்சு, உங்களுக்கு யாரும் அனுப்பலையா?" இரண்டு பேரும் சிரித்தார்கள். "இருங்க, இத ஓட விட்டுட்டு வந்து சொல்லித் தரேன்."

திரும்பிப் போனார். நான் கதவு மூடுவதற்குள் பின்னாலேயே போனேன். கையில் ஈயத் துகள் இருக்கும் என்று ரீவொர்க் ஆட்களை உள்ளே விடவே மாட்டார்கள். அவர் பெட்டியின் மூடியைச் சாத்தாமல் விட்டுவிட்டு ஸ்விட்ச் பக்கம் விரலைக் கொண்டுபோனார். தலை குனிந்துவிட்டது. காது போர்டிலிருந்து ஒரு சாண்.

"வேணாம்ணே," என்றேன். எனக்கே கேட்கவில்லை.

மேசை நடுவில் காளான் மாதிரி ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. ஆபத்து வந்தால் அழுத்த வேண்டியது. இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அழுத்தி நான் பார்த்ததில்லை. உள்ளங்கையால் அடித்தேன்.

அந்த வரிசையே செத்தது. விளக்கு, மின்விசிறி, மூன்று கணினித் திரைகள், காலையிலிருந்து சூட்டில் ஓடிக்கொண்டிருந்த வேறு ஒரு லைனின் டெஸ்ட் பெட்டி எல்லாமே. எங்கேயோ ஒரு பீப் சத்தம் மட்டும் விடாமல் அடித்தது.

"பைத்தியமா உங்களுக்கு?" டெக்னீஷியன் கத்தினார். "ஆறு மணி நேர டெஸ்ட்டும்மா அது! போச்சு!"

சத்தம் கேட்டு சூப்பர்வைசர் வந்துவிட்டார். சீனர், என்னிடம் எப்போதும் மலாயில்தான் பேசுவார். "யார் அழுத்தினது? கெனாப்பா?" ஏன் என்று கேட்கிறார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் அவளும் வந்து நின்றிருந்தாள், கையில் மைலோ கோப்பை அப்படியே.

வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. தாளில் முப்பத்தொன்றாவது வரியின்மேல் விரலை வைத்தேன். மறு கையால் பெட்டியில் இருந்த போர்டின் மஞ்சள் கட்டியைக் காட்டினேன். டெக்னீஷியன் எரிச்சலோடு நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிவிட்டுக் குனிந்தார். போர்டில் அச்சடித்த ப்ளஸ்ஸைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். தட்டிலிருந்து இன்னொரு போர்டை எடுத்தார். இன்னொன்று.

"தலைகீழா இருக்கு," என்றார். பிறகு மலாயில் சூப்பர்வைசரிடம், "செமுவா," என்றார். எல்லாமே.

டெக்னீஷியன் தன் காதை ஒருமுறை தடவிக்கொண்டார். அதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

சூப்பர்வைசர் மேல் தட்டின் முத்திரையைப் படித்தார். வாசலில் இருந்தவளின் சட்டையில் குத்தியிருந்த நம்பரையும் பார்த்தார். "உன்னுடையதா?" அவள் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அப்போது எனக்குப் பேச வந்தது. எப்படி வந்தது என்று இன்னும் தெரியவில்லை. உடைந்த மலாயில் சொன்னேன். "நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன். முதல் போர்டை நானே வைத்துக் காட்டினேன். அவள் நான் சொன்னதைச் செய்தாள். கீழே இருக்கும் தட்டெல்லாம் என் நம்பர், எடுத்துப் பாருங்கள்."

அவர் எடுத்துப் பார்த்தார். "விளக்கத் தாள் கொடுத்திருந்தோமே?"

"படம் கறுப்பாக இருந்தது. நாங்கள் படிக்கவில்லை."

"ஏன் படிக்கவில்லை?"

அலுவலக அறைக்குக் கூட்டிப் போனார்கள். எச்சரிக்கைக் கடிதத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்து கேட்டார்கள். போட்டேன். அவளை எதிர் நாற்காலியில் உட்கார வைத்து அரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். மாலையில் அவளுடைய பஸ் வேறு, என் பஸ் வேறு. வரிசையில் நிற்கும்போது அவள் என் பக்கம் பார்க்கவில்லை. கூப்பிடலாம் என்று நினைத்தேன், கூப்பிடவில்லை.

மறுநாள் காலை எண்பது போர்டையும் நான் ஒருத்தியே கழற்றி மாற்றி வைத்தேன். அவளைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். வேலை போகவில்லை. மூன்று மாதத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணச் சொல்லியிருந்தார்கள்.