கோப்பையில் இருந்த சாட்சி

ஒரு வகைப் பூச்சிக்கான ரப்பர் மூடியைத் தொட்ட கையால் இன்னொரு வகைக்கானதைத் தொடக் கூடாது. பொறியோடு கொடுத்த துண்டுத்தாளில் இது நான்காவது விதி. பத்து வயதில் நான் அதைப் படித்திருந்தேன். தாளைக் கொடுத்த தோட்டக்கலை அதிகாரி படிக்கவில்லை.

எங்கள் கொய்யாத் தோப்புக்கு எந்தெந்த அந்துப்பூச்சி வருகிறது என்று ஆராய அவர் இரண்டு பொறிகளைக் கட்டியிருந்தார். பெண் பூச்சியின் வாசனை ஏற்றிய மூடி உள்ளே தொங்கும். அதை நம்பி ஆண் பூச்சிகள் வந்து விழும். கிழக்குப் பொறியில் சாம்பல் பூச்சி மட்டும். மேற்கில் கரும்புள்ளி போட்ட மஞ்சள் பூச்சி மட்டும். தினமும் எண்ணி நோட்டில் எழுதுவது என் பொறுப்பு.

ஒரு மாதம் கழித்துப் புது மூடி மாட்ட வந்தவர், இரண்டையும் வெறுங்கையால் பிடித்து மாட்டினார்.

“சார், ஒரே கையால ரெண்டையும் தொடக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்க.”

“யாருய்யா இது, கலெக்டரா?” என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாளிலிருந்து இரண்டு பொறியிலும் இரண்டு வகைப் பூச்சிகளும் விழுந்தன. செராமிக் கம்பெனியிலிருந்து மாமா கொண்டுவந்த கழிவுக் கோப்பைகளில், காது உடையாதவை எங்கள் வீட்டில் இரண்டுதான். கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று என்று பூச்சிகளை அவற்றில் சேர்த்து வைத்தேன்.

அடுத்த முறை வந்தவர் நோட்டைப் புரட்டினார். “சின்னப் புள்ள, ரெண்டையும் கலந்துடுச்சி” என்று முழுப் பக்கத்தையும் சிவப்பு மையால் அடித்தார். ஆதாரத்தை எடுக்க உள்ளே ஓடினேன். அம்மா அதே கோப்பைகளில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“என் பூச்சி எங்கம்மா?”

“கொட்டிட்டேன். வந்தவங்களுக்கு டம்ளர்லயா டீ குடுப்பாங்க? போயி சார்கிட்ட என் தப்புதான்னு சொல்லு.”

சொன்னேன். இன்றைக்கும் நாக்கு கசக்கிறது.

அன்றே தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதி நானே தபாலில் போட்டேன். விதி எண், தேதி, எந்தக் கை, எல்லாம் இருந்தது. பின்னாளில் அரசு வேலையில் அவ்வளவு ஒழுங்கான மனுவை நான் பார்த்ததேயில்லை. புகாரை, யார்மேல் புகாரோ அவருக்கே அனுப்பி விளக்கம் கேட்பதுதான் நடைமுறை என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒட்டுக்கன்று கேட்டு அப்பா போட்ட விண்ணப்பம் அதே அதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்திருந்ததும் தெரியாது. அதற்காகவே அம்மா பூச்சிகளைத் தெரிந்தே கொட்டினாள் என்பதும் தெரியாது.

ஒரே நாளில் இரண்டு உறைகள் வந்தன. அப்பா தன்னுடையதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஒட்டுக்கன்று கிடையாது என்று அதில் இருந்ததை நான் வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன். எனக்கு வந்ததில் ஒரே வரி: ‘சிறுமியின் கவனக்குறைவே காரணம்.’ கீழே அவருடைய கையெழுத்து. அநியாயம் எனக்கு மட்டும்தான் நடந்தது என்று நாள் முழுக்கக் கத்தினேன்.