வேகாத பருப்பு

பெண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி என்றார்கள். ஆறாம் வகுப்பிலிருந்த என் மகள் ஒரு கேள்வியோடு போக வேண்டும், விடையைச் சோதனை செய்தும் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் கேள்வி கேட்பது என் கணவரின் இலாகா. அதை மகளுக்குக்கூட அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

சாய்வு நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். "சந்திரனுக்கு ராக்கெட்டு எப்படிப் போகுது?" என்றார். சோதிக்க ராக்கெட்டுக்கு எங்கே போவது என்றாள் மகள். "அப்ப அணுகுண்டு?" நாகல் நகரில் நாங்கள் இருந்தது வாடகை வீடு. ஆணி அடிக்கவே வீட்டுக்காரர் விடமாட்டார் என்று நான் நினைவூட்டினேன். விஞ்ஞானம் வளராததற்கே நான்தான் காரணம் என்பதுபோல் பார்த்துவிட்டுச் சாப்பிட வந்தார்.

ஒரு வாய் வைத்ததும் ஆரம்பித்தார். "ஆத்தூர்க்காரியக் கட்டி இம்புட்டு வருசமாச்சு, இன்னும் பருப்பு வேகவைக்கத் தெரியல."

இது எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஓதும் மந்திரம். நானும் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தேன், கண்ணெரிய அடுப்பை ஊதிப் பார்த்தேன். பிறந்த வீட்டில் குழைந்த பருப்பு புகுந்த வீட்டில் குழையவில்லை. என் கைதான் சரியில்லை என்று கடைசியில் நானே நம்பிவிட்டேன்.

"ஏம்ப்பா நம்ம வீட்டுல பருப்பு வேக மாட்டேங்குது? இதையே கேள்வியா வச்சுக்கிறேன்," என்றாள் மகள்.

"அது கேள்வியில்ல தாயி, உங்கம்மா கை."

"அப்ப அதையும் சோதிச்சிருவோம்."

எங்கள் தெருவில் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். சமைக்க, குளிக்கக் கிணற்று உப்புத் தண்ணீர். குடிக்க, தெருக்குழாயில் சண்டை போட்டுப் பிடித்த ஆத்தூர்த் தண்ணீர்; என் பிறந்த ஊர் அணையிலிருந்து குழாய் வழியே வரும் நல்ல தண்ணீர். அதைப் பருப்பில் ஊற்றுகிறவள் குடும்பத்துக்கு ஆகமாட்டாள் என்பது தெருவின் சட்டம். மகள் ஒரு செம்பு கேட்டபோது, நெய்யைக் கேட்டதுபோல் எனக்குப் பதறியது.

ஒரே பருப்பு, ஒரே மாதிரிச் சட்டி, ஒரே அடுப்பு, இரண்டையும் வேகவைத்தது இதே கை. நல்ல தண்ணீர்ப் பருப்பு கரண்டி பட்டதும் குழைந்தது. கிணற்றுத் தண்ணீர்ப் பருப்பு வழக்கம்போல் முழித்துக்கொண்டு கிடந்தது. நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆத்திர அழுகைதான். சந்தோஷம் செத்த நேரம் கழித்துத்தான் வந்தது.

கணவர் இரண்டு சட்டியையும் எட்டிப் பார்த்தார். "தண்ணிதான் சரியில்லன்னு நான் அப்பவே நெனச்சேன்," என்றார். எப்போது என்று நான் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கண்டுபிடிப்பு போதும்.

மகள் அட்டையில் முடிவை எழுதினாள்: 'பருப்பு வேகாததற்குக் காரணம் உப்புத் தண்ணீர். அம்மா இல்லை.'

ஊரே வந்து வாசிக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "கடைசி ரெண்டு வார்த்தைய அழிச்சிரு தாயி. அதுல விஞ்ஞானம் இல்ல."

மகள் தலையை நிமிர்த்தவே இல்லை. எழுத்துக்கு அடியில் கோடு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"நாம சோதிச்சதே அதத்தானப்பா."