ஐந்து சந்தன நிறக் கற்களும் பதினோரு புடவைகளும்

வரிசை வீட்டு முன்கூடத்துக்கு பெய்ஜ் பளிங்குக்கல் சரிவருமா என்று இந்த வலைப்பூவில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சரிவரும். நாங்கள் அதைச் சந்தன நிறம் என்போம். மலேசியாவில் சிரம்பானை ஒட்டிய ரஹாங்கில் என் கூடத்தில் கிடக்கும் ஐந்து கற்கள் ஒருமுறை ரந்தாவ் போய், பின்னாளில் எங்களோடு திரும்பியவை. அந்தப் பயணத்தையே எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு மைலும் ஒரு தோட்டப் பாதையும்தான், ஆனால் அதற்குள் என் வாழ்க்கையே தீர்மானமானது.

கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து சண்டையிட்ட மலாயா அவசரகாலம். கல்யாணமாகி மூன்றாவது மாதம். என் வீட்டுக்காரர் ரந்தாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கிராணி, அலுவலக எழுத்து வேலை. வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு மேல் வெளியே தலைகாட்ட முடியாது. எங்கள் முன்கூடத்துக்கு ஒரே சன்னல், பகலிலேயே விளக்கு கேட்கும். ஒரு மாதம் பொறுத்துவிட்டு ரஹாங்கில் அம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

அவர் திட்டவில்லை. சிரம்பானில் தவுக்கே என்கிற சீன முதலாளி ஒருவர் வீட்டில் தரை போட்டு மீந்த கற்களை முப்பது வெள்ளி, அதாவது அந்நாள் மலாயா டாலர், கொடுத்து வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"வெள்ளை எடுத்தா செம்மண் கறை தெரியும் சரசு. இதுல தெரியாது. வெளிச்சத்தையும் திருப்பிக் கொடுக்கும்."

அடுப்பு பற்றவைக்கத் தெரியாத மனுஷன் தரையைப் பற்றிப் பேசுகிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "வந்து பாக்குறேன். கல்லு ஏத்திப் போற லோரி நாலு மணிக்குத் திரும்புதுல்ல? பிடிக்கலன்னா அதுலயே வந்துடுவேன்," என்றேன். தலையாட்டினார். பார்க்கப் பாவமாக இருந்தது. அம்மாவோ என் புடவைகள் எல்லாவற்றையும் தகரப்பெட்டியில் அடுக்கி ஏற்றிவிட்டாள்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு, வாடகைக்கு ஓட்டும் முனியாண்டி அண்ணனின் லோரி கிளம்பியது. வாடகை ஆறு வெள்ளி. பளிங்கைப் படுக்கவைத்துக் கொண்டுபோகக்கூடாது, நிமிர்த்தி நிறுத்தவேண்டும். மரப்பெட்டியில் நிறுத்தி, இடுக்கெல்லாம் உமி அடைத்திருந்தோம். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று பிடி அரிசியைக்கூட வழியில் சோதிப்பார்கள் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். உமியும் நெல்லிலிருந்துதானே வருகிறது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

பத்தரைக்கு ரந்தாவ் சோதனைச்சாவடி. காவலர் பெட்டிக்குள் கையை விட்டு எடுத்தார். உள்ளங்கையில் உமியோடு நாலைந்து நொய்யரிசி. முனியாண்டி அண்ணன் மலாய் மொழியில் கெஞ்சினார். காவலர் நல்லவர்தான், எங்களைப் பிடித்துவைக்கவில்லை. ஆனால் உமி ஒரு பிடிகூட உள்ளே போகக்கூடாது என்றுவிட்டார். எல்லாவற்றையும் சாலையோரம் கொட்ட ஐம்பது நிமிடம் ஆனது.

இனி மூன்று மைல் செம்மண் பாதை, குண்டும் குழியும்.

"வெறும் பெட்டியில போனா தூளாயிடும் லா," என்றார் முனியாண்டி அண்ணன்.

என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றத் தொடங்கினார். யானைப் பசிக்குச் சோளப்பொரி. நான் தகரப்பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். பதினோரு புடவை. கூறைப்புடவைக்குக் கை போனபோது, "அது வேணாம் சரசு," என்றார்.

"கல்லு போயிட்டா நம்ம கூடத்துக்கு வேற என்ன இருக்கு?" என்றேன். 'நம்ம' என்று சொன்னது எனக்கே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது.

பன்னிரண்டே காலுக்குச் சேர்ந்தோம். நான்கு முழுசாக வந்தன, ஒன்று மூன்று துண்டு. மணல் பரப்பி, நான்கைச் சன்னலுக்கு நேராகவும் உடைந்ததை வாசலோரமும் பொருத்தினோம். வெயில் கல்லில் விழுந்து கூரைவரை ஏறியது. மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

சிரம்பானிலிருந்து ரந்தாவுக்கு இப்போது காரில் அரை மணி நேரம்தான். கல் வாங்குகிறவர்கள் வீட்டு வெளிச்சத்தில் ஒரு துண்டை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சன்னலுக்கு நேராகப் போடுங்கள். புளியோ எலுமிச்சையோ பட்டால் உடனே துடைத்துவிடுங்கள், அரித்துவிடும். வாசலோரத் துண்டில் அவர் ரசம் சிந்திய வட்டம் இன்னும் இருக்கிறது. மெருகு போட வந்த ஆளை அதைத் தொடவேண்டாம் என்றுவிட்டேன்.

நாலு மணிக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். முனியாண்டி அண்ணன் வாசலில் வந்து, "தங்கச்சி, ஏறுறீங்களா?" என்றார். என் வீட்டுக்காரர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே கொடியில், செம்மண் போக அலசிய புடவைகள் சொட்டிக்கொண்டிருந்தன.

"துணியெல்லாம் ஈரமா கிடக்கு அண்ணே," என்றேன். "நீங்க போங்க."